கோப்பிக்கு நான் தேங்காய் கொடுத்த தைப்பூசம்

நம் நாய்ப் பயிற்சி நிலையத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், கொஞ்சம் அறிவுரை மாதிரி இருக்கட்டும் என்று கேட்டார்கள். அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதியதும் கோப்பி நினைவுக்கு வந்துவிட்டது. உடனே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அறிவுரை போயே போய்விட்டது. ஆகவே தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குக் கிடைக்கப்போவது கோப்பியின் கதைதான்.

என் பெயர் ரோஸி. பினாங்கில், பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நாய் பழக்க வந்தவள். வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால், "ரோஸி, நாய்க்கு டியூஷன் எடுக்கிறியாமே, பரீட்சை எப்ப?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பிறகு அவர்கள் வீட்டு நாயே சோபாவைக் கடித்துக் குதறும்போது, சத்தமில்லாமல் எனக்குத்தான் போன் வரும். இப்படியே பினாங்குத் தீவு முழுக்கச் சுற்றினேன். முட்டி இரண்டும் வேலையை விட்ட பிறகுதான் நானும் விட்டேன்.

நம் முறை உங்களுக்குத் தெரியும். அடி இல்லை, அதட்டல் இல்லை. நாய் ஒன்றைச் சரியாகச் செய்த அதே நொடியில், கையில் இருக்கும் கிளிக்கரில் ஒரு 'டிக்'. உடனே ஒரு தீனி. அந்த 'டிக்' சத்தத்துக்கு நாய்க்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: நீ செய்தது சரி, தீனி வருகிறது. இதை மட்டும் மறக்காமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தன்று என்னை நடுரோட்டில் உட்கார வைத்தது இதுதான்.

அந்த வருடம் தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது லெட்சுமி அக்கா கூப்பிட்டார். பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தேர் போகும் சாலையோரத்தில், மாடி இல்லாத ஒரு பழைய வீட்டில் தனியாக இருந்தார். தனியாக என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "கோப்பி இருக்கு லா" என்பார். கோப்பி அவருடைய கறுப்பு நாய். எந்த இனம் என்று கேட்டால், "நல்ல இனம்" என்பதுதான் அக்காவின் பதில். எடை ஒரு அரிசி மூட்டை இருக்கும். அதில் பாதி வாலாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அது வாலை ஆட்டினால் பக்கத்தில் உள்ள நாற்காலி நகரும்.

முதல் நாள் கேட்டைத் திறந்ததுமே அக்காவின் மூக்கு விடைத்தது.

"ரோஸி, பையில என்ன?"

"தீனி அக்கா. கோழி ஈரல், கொஞ்சம் நெத்திலி."

"அலாமாக்! வெளிய வை, வெளிய வை! வீட்ல விரதம் லா! தைப்பூசம் முடியிறவரைக்கும் கவுச்சி இந்தக் கேட்டத் தாண்டக்கூடாது!"

பையைக் கொண்டுபோய் வெளியே நின்ற என் காடியில், அதாவது காரில், வைத்துப் பூட்டினேன். மத்தியான வெயில். அன்றிலிருந்து நான் குடியிருக்கும் தாமானில் உள்ள பூனைகள் எல்லாம் என் காடியைச் சுற்றிக் கூட்டம் போட ஆரம்பித்தன. அது வேறு கதை.

கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்ததும் அக்கா விஷயத்தைச் சொன்னார். தேர் வரும் நாளில் அந்த வீட்டு வாசலில் வருடா வருடம் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். நடந்து வருகிறவர்களுக்குச் ரோஜாச் சீராப் தண்ணியும் மோரும் கொடுப்பார்கள். எல்லாச் செலவும் அக்காவின் அண்ணன் மாரிமுத்துவுடையது. அவர் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் குடியிருந்தார். பிறையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தங்கை இருக்கும் வீடும் அவர் பெயரில்தான் இருந்தது.

"போன வருசம் இத ரூமுல பூட்டித்தான் வெச்சேன் ரோஸி. உருமி சத்தம் கேட்டிச்சோ இல்லயோ, ஜன்னல் கம்பிவலயக் கிழிச்சிக்கிட்டு வந்திருச்சு. வந்தது சும்மா நின்னிருக்கக்கூடாதா? மேச விரிப்ப வாயில கவ்வி ஒரே இழு. சீராப் அண்டா அப்படியே அண்ணன் மேல. புது வெள்ள ஜிப்பா லா. தல முதல் கால் வரைக்கும் ரோசாக் கலரு."

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்த வருசமும் ஏதாச்சும் பண்ணிச்சுன்னா பிறைக்குக் கொண்டு போயிருவேன்னு சொல்லிட்டாரு. ஃபேக்டரி ஸ்டோர்ல காவலுக்காம். சங்கிலி போட்டு வெச்சிருவாங்களாம். இது என் கட்டிலுக்குக் கீழ படுக்குற நாயி. ராத்திரி நான் தண்ணி குடிக்க எந்திரிச்சா கூடவே எந்திரிக்கும். சங்கிலியெல்லாம் இதுக்கு என்னன்னே தெரியாது ரோஸி."

கோப்பி அவர் காலின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. "அண்டாவும் ஆடாது, அண்ணனும் நனைய மாட்டாரு. நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். இப்படி வாக்குக் கொடுப்பதை நீங்கள் பழகிக்கொள்ள வேண்டாம்.

கோப்பிக்குப் பழக்க வேண்டியது ஒன்றுதான். "இடம்!" என்று சொன்னால் வாசலில் விரித்திருக்கும் நீல விரிப்புக்குப் போய் உட்கார வேண்டும். எது நடந்தாலும் அங்கேயே இருக்க வேண்டும். ஆனால் தீனி வேண்டுமே. ஈரல் கேட்டுக்கு வெளியே. ரொட்டி கொடுத்தோம், முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. கேரட் கொடுத்தோம், வாயில் வாங்கிக்கொண்டு போய் மரியாதையாக என் செருப்பின் மேல் வைத்தது. தோஃபு கொடுத்தோம், அதன் மேல் தும்மியது. இப்படியே இரண்டு நாள் போயிற்று. சம்பளம் இல்லாத ஆபீஸில் யார் வேலை செய்வார்கள்?

மூன்றாவது தடவை நான் போனபோது, அக்கா சட்னிக்காகப் பின்கட்டுப் படியில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். பாராங் கத்தியைத் திருப்பிப் பிடித்து ஒரே போடு. படார். ஒரு சில்லு தெறித்துப் பறந்தது. கோப்பி எங்கிருந்து வந்ததோ தெரியாது, அந்தரத்திலேயே அதைக் கவ்வியது. தின்றது. பிறகு அக்காவின் முன்னால் போய் உட்கார்ந்தது பாருங்கள், அப்படி ஒரு உட்காரல். பள்ளிக்கூடப் படம் எடுக்கும்போது பிள்ளைகள் உட்காருவார்களே, அந்த மாதிரி.

"அக்கா! தேங்காய்!"

"ஆமா லா! தேங்காய்! சைவம்!"

நான் பினாங்கில் பிறந்தவள். தேர் வரும் பாதையில் சிதறு தேங்காய் மலைமலையாகக் குவிந்திருப்பதையும், அது உடைபட்டு ரோடே வெள்ளையாகக் கிடப்பதையும், அம்மா இடுப்பில் இருந்த காலத்திலிருந்து பார்த்தவள். அப்படிப்பட்ட நான், தைப்பூசத்துக்காகப் பழக்கும் நாய்க்கு, தைப்பூசச் சாலையில் இருக்கும் வீட்டில், தேங்காயைத் தீனியாக வைக்கிறேன். என் மண்டையில் ஒரு மணியும் அடிக்கவில்லை. லெட்சுமி அக்காவின் மண்டையிலும் அடிக்கவில்லை. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு பின்கட்டில் குதித்தோம். கோப்பியும் குதித்தது.

அதன் பிறகு வேலை பறந்தது. தினமும் நான் போனதும் அக்கா ஒரு தேங்காயை உடைப்பார். படார் என்ற சத்தம் கேட்டதும் கோப்பி ஓடி வரும். நகக்கண் அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்வோம். நீல விரிப்பில் உட்கார்ந்தால் ஒரு துணுக்கு. நான் கைத்தொலைபேசியில் உருமி மேளம் போட்டேன், உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மேசையைச் சுற்றி ஓடவிட்டேன், உட்கார்ந்திருந்தது. சீராப் அண்டாவை அதன் மூக்குக்கு நேரே வைத்தேன், அண்டாவைப் பார்க்கக்கூட இல்லை. கொஞ்ச நாளில் தேங்காய் உடையும் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் விரிப்பில் உட்கார்ந்து, உடைத்தவர் முகத்தையே பார்க்க ஆரம்பித்தது.

"எவ்ளோ அறிவு பாத்தியா?" என்று அக்கா பூரித்தார். நானும் பூரித்தேன்.

ஒரு நாள் மாரிமுத்து அண்ணன் பந்தல் கால்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். பெரிய மீசை, சிறிய பேச்சு. அவர் கேட்டைத் தாண்டி ஒரு காலை வைத்ததுமே அக்கா ஆரம்பித்தார்.

"இன்னிக்குத்தான் தங்கச்சி வீட்டுக்கு வழி தெரிஞ்சிச்சா? பாலத்தத் தாண்டினா இந்தப் பக்கம். தீபாவளிக்கு எட்டிப் பாத்தது. நான் இருக்கேனா செத்தேனான்னு ஒரு போன் உண்டா?"

அண்ணன் பந்தல் கால்களைச் சுவரில் சாய்த்தார். விரிப்பில் உட்கார்ந்திருந்த கோப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தீனிய நிறுத்தினா நிறுத்துன எடத்துல நிக்குமா இது?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் லாரியில் ஏறிப் போய்விட்டார். அக்கா ஊற்றிவைத்த டீ மேசையிலேயே ஆறியது.

அடுத்த வாரம் கோப்பி ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடிப்போய், வெகுநேரம் கழித்துத் தானாகத் திரும்பி வந்தது. அக்கா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு, "எங்கடா போன? வர்ற நேரமா இது?" என்று கத்தினார். நான் குறுக்கே புகுந்தேன்.

"அக்கா, வந்த நாயத் திட்டாதீங்க. லேட்டா வந்தாலும் வந்திருச்சுல்ல? வந்ததுக்குத் திட்டு வாங்கினா அடுத்த தடவ இன்னும் லேட்டாதான் வரும். அப்புறம் வராமலே போயிரும். எப்ப வந்தாலும், வந்த உடனே ஏதாச்சும் நல்லதாக் குடுங்க."

அக்கா விளக்குமாற்றைக் கீழே வைத்தார். "வந்த உடனேயா?" என்று கேட்டார்.

"வந்த உடனே. அது உக்காரக்கூட வேண்டாம்."

சரி என்று தலையாட்டினார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை.

தேர் வரும் நாள் வந்தது. உங்களில் யாராவது கேட்பீர்கள்: ஏன் ஆன்ட்டி, நாயை அன்றைக்கு மட்டும் வேறு யார் வீட்டிலாவது விட்டிருக்கலாமே? அருமையான கேள்வி. நீங்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். நான் ஏன் செய்யவில்லை என்றால், அண்ணன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார் என்று அக்கா சொன்னார். அதோடு, எனக்கும் கொஞ்சம் காட்டிக்கொள்ள ஆசை இருந்தது. புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாயின் வாரை என் இடுப்புப் பெல்ட்டில் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டேன். கை இரண்டும் தீனி கொடுக்கச் சும்மா இருக்க வேண்டும் அல்லவா? அதுவும் என் சொந்த யோசனைதான்.

ரோடு முழுக்க ஜனம். பந்தலில் அக்கா ஓடி ஓடிச் சீராப் ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பி நீல விரிப்பில், நான் அதன் பக்கத்தில். உருமி அடித்துக்கொண்டு ஒரு கூட்டம் போயிற்று. கோப்பி அசையவில்லை. ஒரு குழந்தை அதன் வாலைத் தொட்டுவிட்டு ஓடியது. அசையவில்லை. "யாரு பழக்கினது?" என்று பந்தலில் ஒருவர் கேட்டார். "நான்தான்" என்று சொன்னேன். இன்னும் யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்தேன்.

எங்களுக்கு நேர் எதிரே, ரோட்டில், மாரிமுத்து அண்ணன் தன் நேர்த்திக்கடன் தேங்காய்களைக் குவித்து வைத்திருந்தார். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு குவியல். பக்கத்தில் ஒரு சீன ஆன்ட்டி தன்னுடைய குவியலோடு நின்றார். அதற்கு அப்பால் இன்னும் பல குவியல்கள். தேர் திருப்பத்துக்கு வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். தேர் வருவதற்குள் எல்லாவற்றையும் உடைத்து முடிக்க வேண்டும். உடைந்ததை ஒதுக்க, மண்வெட்டியோடு ஆட்கள் தயாராக நின்றார்கள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கினார்.

படார்.

கோப்பியின் காது இரண்டும் நிமிர்ந்தன. அது என்னைப் பார்த்தது. அந்த நொடியில்தான், அத்தனை வாரம் கழித்து, என் மண்டையில் மணி அடித்தது.

கிளிக்கருடைய வேலையைத் தேங்காய்ச் சத்தம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் தீனி வரும். கோப்பிக்குத் தெரிந்த சட்டம் அது. அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். இப்போது ரோடு முழுக்க அந்தச் சத்தம் கேட்கப் போகிறது.

ஒரு துணுக்கு கொடுத்தேன். படார். கொடுத்தேன். படார், படார். இரண்டு கொடுத்தேன். சீன ஆன்ட்டியும் ஆரம்பித்தார். அப்பால் இருந்தவர்களும் ஆரம்பித்தார்கள். படபடபடவென்று தீபாவளிப் பட்டாசு மாதிரி தேங்காய் வெடிக்கிறது. நான் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொடுக்கிறேன், நாய் வாங்கி வாங்கி விழுங்குகிறது. டப்பாவின் அடி தெரிந்தது. தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கோப்பி என் கையை முகர்ந்தது. என் முகத்தைப் பார்த்தது. மாதக் கடைசியில் சம்பளத்துக்காகக் கணக்கர் முகத்தைப் பார்க்கும் தொழிற்சாலை ஆட்கள் எனக்கு ஞாபகம் வந்தார்கள். பிறகு அது மெதுவாகத் தலையைத் திருப்பி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தது. அங்கே பெரிய மீசையோடு ஒருவர் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

"கோப்பி, வேண்டாம்" என்று சொன்னதாக ஞாபகம். அதற்குள் என் இடுப்பு முன்னால் போய்விட்டது. மற்ற பாகங்கள் எல்லாம் பின்னாலேயே போயின. பந்தலைக் கடந்தோம். அண்டாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி போனோம். அண்டா ஆடவில்லை. வாக்கு வாக்குதான். ரோட்டில் தேங்காய்த் தண்ணீர் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. என் செருப்பு வழுக்கியது.

கோப்பி மாரிமுத்து அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தது. அதன் பின்னால் நானும் உட்கார்ந்தேன், விழுந்து. புதுச் சுடிதார் தேங்காய்த் தண்ணீரில் ஊறியது. சுற்றிலும் ஒரே சிரிப்பு. கைத்தொலைபேசிகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின.

அண்ணன் தலைக்கு மேலே தூக்கிய தேங்காயோடு நின்றார். போட முடியாது. போட்டால் நாயின் மூக்குக்கு முன்னால் வெடிக்கும். சுற்றிலும் மற்றவர்கள் உடைக்கும் ஓட்டுச் சில்லுகள் பறந்துகொண்டிருந்தன. குவியலில் பாதிகூடத் தீரவில்லை. தேரின் மணி கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர் மீசை துடித்தது.

"லெட்சுமி! முடிஞ்சிச்சு! நாளைக்கே பிறைக்கு!" என்று என் தலைக்கு மேலே கத்தினார்.

திரும்பிப் பார்த்தேன். பந்தலில் அக்கா கையில் கரண்டியோடு நின்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. பிளாஸ்டிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றவர்களை அவர் கவனிக்கவே இல்லை.

என் மூளை எனக்கு மூன்று யோசனை சொன்னது. இழு என்றது. அரிசி மூட்டையை, தரையில் உட்கார்ந்துகொண்டு, எப்படி இழுப்பது? கத்து என்றது. அந்த இரைச்சலில் எனக்கே என் சத்தம் கேட்காது. அழு என்றது. மூன்றில் அதுதான் சுலபமாக இருந்தது. கிட்டத்தட்ட அதைத்தான் செய்திருப்பேன்.

அப்போதுதான் கோப்பியைப் பார்த்தேன். தம்பி தங்கைகளே, இந்தப் பக்கத்தில் அறிவுரை என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். தலை சுற்றும் நேரத்தில் சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பார்க்காதீர்கள். நாயைப் பாருங்கள். முதுகு நேர். காது நேர். கண் அண்ணன் முகத்தில். வால் ரோட்டுத் தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தது. வாழ்க்கையிலேயே அது உட்கார்ந்த மிக அழகான உட்காரல். அது யாரையும் தொந்தரவு செய்ய வரவில்லை. சத்தம் போட்டவர் தருவார் என்று நம்பி வந்து, வரிசையில் நிற்பது போலக் காத்திருந்தது.

"அண்ணே!" என்று கத்தினேன். "ஒரு சில்லு எடுத்து அந்த நீல விரிப்புல வீசுங்க! 'இடம்'னு சொல்லுங்க!"

"என்னது? இதுக்கு நான் ஊட்டிவிடணுமா?"

"உங்களத்தான் நம்பி வந்திருக்கு அண்ணே! நான் சொன்னா கேக்காது! உங்க கையிலதான் இருக்கு!"

மீசை யோசித்தது. தேர் மணி இன்னும் கிட்டே வந்தது. பக்கத்தில் சீன ஆன்ட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அங்கிள், பாகி லா! அஞ்சிங் பாய்க் லா!" என்று மலாயில் அதட்டினார். கொடுத்துவிடுங்கள், நல்ல நாய் என்கிறார். கூட்டமும் பிடித்துக்கொண்டது. "குடுங்க அண்ணே! குடுங்க!"

அண்ணன் குனிந்தார். காலடியில் கிடந்த ஒரு சில்லை எடுத்தார். தொழிற்சாலையில் ஆட்களை விரட்டும் குரலில், "இடம்!" என்று உறுமிவிட்டு, பந்தல் பக்கம் வீசினார்.

கோப்பி பறந்தது. என் இடுப்பில் வார் இருப்பதை நான் மறந்துபோயிருந்தேன். வந்த வழியே, அண்டாவுக்கும் அக்காவுக்கும் நடுவில், மறுபடியும் போனோம். கூட்டம் கைதட்டியது. விரிப்புக்குப் போய்ச் சில்லைத் தின்றுவிட்டு, கோப்பி உட்கார்ந்து அண்ணனைப் பார்த்தது. நான் முதல் வேலையாகக் கொக்கியைக் கழற்றிப் பந்தல் காலில் மாட்டினேன். எழுபது கிலோ எடையுள்ள நான் அன்றைக்குச் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

அண்ணன் நாயையே பார்த்துக்கொண்டு ஒரு தேங்காயைப் போட்டார். படார். கோப்பி நகரவில்லை. அண்ணன் புருவத்தைத் தூக்கினார். ஒரு சின்னச் சில்லை எடுத்து வீசினார். கோப்பி அந்தரத்தில் கவ்வியது. இன்னொரு தேங்காய். நகரவில்லை. இன்னொரு சில்லு. கவ்வியது. "அட!" என்று அவர் சொன்னது ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. அப்புறம் பார்க்க வேண்டுமே! உடைக்கிறார், வீசுகிறார், உடைக்கிறார், வீசுகிறார். ஜிப்பா முழுக்கத் தேங்காய்த் தண்ணீர். கண்ணில் வழிந்தால் புறங்கையால் துடைத்துக்கொள்கிறார். "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று முன்பின் தெரியாதவர்களைப் பிடித்து உலுக்குகிறார். அந்த மனிதருக்குப் பல் இருப்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

கடைசித் தேங்காய் உடைந்தது. மண்வெட்டிகள் ஓடின. தேர் வந்தது. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அக்காவும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்டார்கள். நானும் என் முறையில் சிலுவை போட்டுக்கொண்டேன். கோப்பி வயிறு புடைக்கப் படுத்திருந்தது, தலையைக்கூடத் தூக்கவில்லை. மறுநாள் அந்த வயிறு என்ன பாடுபட்டது என்பதை அக்கா விவரமாகச் சொன்னார். உங்களுக்கு அது வேண்டாம். நீங்கள் யாரும் ஒரே நாளில் அவ்வளவு தேங்காய் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அன்று கிளம்பும்போது அண்ணன் பிறையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சங்கிலியைப் பற்றியும் பேசவில்லை. லாரியில் ஏறிவிட்டு, இறங்கி வந்து, குவியல் இருந்த இடத்தில் கிடந்த ஒரு சில்லைத் தேடி எடுத்தார். கோப்பியிடம் கையாலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, அந்தப் பக்கம் வேலையாகப் போனவள் அக்காவைப் பார்க்க நுழைந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்டில் சத்தம். மாரிமுத்து அண்ணன். கையில் ஒரு தேங்காய்.

"நாய்க்கு" என்றார் என்னைப் பார்த்து. கேட்காமலே சொன்னார்.

அக்கா வாயைத் திறந்தார். "இப்பதா..." என்று தொடங்கியது எனக்குக் கேட்டது. ஆனால் உதட்டை மடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். அண்ணன் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் சூடாக ஒரு கிளாஸ் டீயும், தட்டில் பருப்பு வடையும் அவர் கையில் இருந்தன. அவர் இன்னும் உட்காரக்கூட இல்லை.

அண்ணன் வடையை வாயில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். படார் என்று சத்தம் கேட்டது. கோப்பி எங்கள் காலுக்கு நடுவில் புகுந்து ஓடியது.

"என்னக்கா இது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வந்த உடனே குடுக்கணும்னு நீதானே லா சொன்ன?" அக்கா இன்னும் மெதுவாகச் சொன்னார். "முந்தி நான் வாயத் திறந்தாலே ஓடிருவாரு. வருசத்துக்கு ரெண்டு தடவதான் இந்தப் பக்கம். இப்ப நாலு வாரமா வெள்ளிக்கிழம தவறுறதில்ல ரோஸி. சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போறாரு." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் துடைத்தார்.

பின்கட்டிலிருந்து அண்ணன் வந்தார். கோப்பி அவர் காலோடு ஒட்டிக்கொண்டு நடந்து வந்து, நீல விரிப்பில் உட்கார்ந்தது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, மீசையைத் தடவிக்கொண்டார்.

"ரோஸி, பாத்தியா? ஒரே மாசத்துல எப்படிப் பழக்கி வெச்சிருக்கேன்!"

"ஆமாண்ணே" என்றேன். "நல்லாப் பழகிருச்சு."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு வடையை எடுத்து அண்ணன் தட்டில் வைத்தார்.